பிள்ளையார் ரூஜுக்குப் போன கதை

எனக்கு இரும்பு உடம்பு. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து தடிமன், காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தது கிடையாது. ஆஸ்பத்திரி வாசல் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது.

சரி... பொய். தொடக்கத்திலேயே ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் உண்மை போலத் தெரியும் என்று ஒரு நப்பாசை. உண்மை என்னவென்றால், ஸ்காபரோவில் அம்புலன்ஸ்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே பத்தி எழுத்தாளன் நான்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே, “ஹாய் மிஸ்டர் தில்லை, மறுபடியுமா?” என்பார்கள். முழுப் பெயர் தில்லையம்பலம். ஆனால் குசினித் தரையில் மல்லாந்து கிடக்கிற ஆள் அதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

இதை எழுதிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன். எதிரே என் சாமித்தட்டு. அதில் பிள்ளையார் இல்லை. பின்சுவரில் சாம்பிராணிப் புகை படாத ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருக்கிறது. சில கிழமைகளாக நான் அந்தச் சதுரத்தைத்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையார் எங்கே போனார்? சொல்கிறேன். கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் சரித்திரம் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் ஆறு பேர். டவுன்ரவுன் ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் வெட்டி, பிறகு அடுப்புக்கு முன்னேறி, அங்கேயே பென்ஷன். இப்போது டோர்செட் பார்க்கில் உயரமான ஒரு கட்டடத்தில் தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் வதனி. அவள் நகரத்தின் கிழக்கு எல்லையில், ரூஜில், கணவன் பிள்ளைகளோடு.

என் தலைச்சுற்று வருத்தம் காலையில்தான் வரும். குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிட்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலிருந்து எழும்புவேன். நான் எழும்புகிற வேகத்துக்கு என் ரத்தம் எழும்பாது. அதுவும் என்னைப் போல ஒரு சோம்பேறி. கண் இருட்டும், சுவர் ஓடும், பிறகு குசினித் தரை என் முதுகைத் தேடி வரும்.

ஃபோன் சட்டைப்பையில் இருக்கும். மகள் வேலையில். கீழ்மாடிச் சின்னராசா அண்ணைக்குக் காது கேளாது. பிறகு யாரைக் கூப்பிடுவது? நைன்-வன்-வன்தான்.

ஆஸ்பத்திரியில் நடப்பதும் எனக்குப் பாடம். ஒரு நீளமான கொரிடோர். நெஞ்சில் வயர். கையில் ஊசி. மத்தியானம் ஒரு முட்டை சான்ட்விச். அந்தி நேரம் ஒரு சின்ன டொக்டர் வந்து, எல்லாம் நோர்மல், வீட்டுக்குப் போகலாம் என்பார். நோர்மலான மனிதன் காலங்காத்தாலே ஏன் தரையில் கிடந்தான் என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் என்னுடைய இங்கிலிஷ் குசினி இங்கிலிஷ். ‘பின்னால வாறன், சட்டி சுடும்’ என்று சொல்லத் தெரியும். ‘கத்தி, கவனம்’ என்று சொல்லத் தெரியும். இதை டொக்டரிடம் சொன்னால் வேறு வார்டில் போட்டுவிடுவார்கள்.

கட்டடத்துச் சின்னப் பிள்ளைகள் எனக்கு ‘அம்புலன்ஸ் அங்கிள்’ என்று பெயர் வைத்தார்கள். சின்னராசா அண்ணை அதற்கும் மேலே போனார். நான் ஆஸ்பத்திரியால் வதனியோடு திரும்பி வந்து எலிவேற்றரில் நின்றபோது, நாலு பேருக்கு முன்னால் கேட்டார்.

“என்ன தில்லை, உமக்கு உவங்கள் மாசப் பாஸ் தந்திட்டாங்களோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வதனி மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கதவடியில் விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னாள்.

“அப்பா, இன்னொருக்கா அம்புலன்ஸ் வந்தா, அதுக்குப் பிறகு என்ர கார்தான் வரும். உங்களையும் உங்கட சாமானையும் ஏத்திக்கொண்டு போயிடுவன். கதையில்லை.”

ரூஜ் நல்ல இடம். நான் குறை சொல்லவில்லை. மகளின் வீடு பெரிசு, மருமகன் நல்ல பெடியன், பேரப்பிள்ளைகள் தங்கம். ஆனால் காலையில் எல்லோரும் ஒவ்வொரு காரில் ஏறிப் போய்விடுவார்கள். போகும்போது அலாம் பூட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை அங்கே நின்றபோது தேத்தண்ணி போடலாம் என்று அறையை விட்டு வெளியே கால் வைத்தேன். வீடே கத்தியது. ஒரு பொம்பிளைக் குரல் சுவருக்குள் இருந்து நீ யார் என்று கேட்டது. பிறகு பொலிஸ் வந்தது. இங்கே இருந்தால் அம்புலன்ஸ், அங்கே போனால் பொலிஸ். மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பது?

டோர்செட் பார்க்கில் எலிவேற்றரால் இறங்கினால் உலகம். பிளாசா, மரக்கறிக் கடை, கோப்பிக் கடை. கோப்பிக் கடை மூலை மேசையில் எங்கள் முந்நூற்றுநாலு. சீட்டாட்டம் தெரியாத இளைய வாசகர்களுக்காக: அதற்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் இருந்தால் அது வெறும் கோப்பி குடிப்பு. நான் ரூஜுக்குப் போனால் மூன்று பேர் அநாதை.

ஆகவே விஷயம் இதுதான். இன்னொரு முறை விழக்கூடாது. விழுந்தால் வீடு போச்சு, மேசை போச்சு, ஆள் போச்சு.

இந்த நேரத்தில்தான் ஒரு ஃபோன் வந்தது. அம்புலன்ஸ் ஒஃபீசிலிருந்து ஒரு பிள்ளை பேசினாள். நீங்கள் எங்களை அடிக்கடி கூப்பிடுகிறீர்கள், உங்களைப் பார்க்க ஒரு ஆளை அனுப்பப் போகிறோம், கரன் வருவார் என்றாள்.

கரன்? எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் நிம்மதி. அடிக்கடி கூப்பிடுகிறவனைக் கண்டிக்கத்தான் ஆள் வருகிறது, அது பயம். ஆனால் தமிழ்ப் பெடியனை அல்லவா அனுப்புகிறார்கள், ஊர் எது, ஆரின்ர மகன் என்று விசாரித்துச் சமாளித்துவிடலாம், அது நிம்மதி. வீட்டைக் கூட்டினேன். நல்ல காற்சட்டை போட்டேன். பிளாசாவில் மட்டன் ரோல்ஸ் வாங்கி வைத்தேன்.

கதவைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தார். யூனிஃபோம், தோளில் ஒரு பை. சைரனும் இல்லை, ஸ்ட்ரெச்சரும் இல்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, “கரன்” என்றார். வெள்ளைக்காரர்களில் அது பொம்பிளைப் பெயராம். பிறகு நான் கேட்காமலே பூட்ஸைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தார்.

அந்த இடத்திலேயே பாதி சரணடைந்துவிட்டேன்.

அவருடைய இங்கிலிஷ் எனக்கு விளங்கியது. காரணம், அவர் அவசரப்படவில்லை. அம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு அவசரம் இருக்கும், அது அவர்களின் தொழில். கரனும் பல வருஷம் அம்புலன்ஸில் ஓடியவர்தானாம். இப்போது வேலை வேறு. என்ன வேலை என்று கேட்டேன். விழுந்த பிறகு வருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நான் நீங்கள் விழுவதற்கு முன்னால் வருகிற ஆள் என்றார்.

இது எனக்குப் புதிது. நம்முடைய ஆட்கள் யாருக்கெல்லாம் கதவு திறப்பார்கள்? இன்ஷூரன்ஸ் விற்கிறவருக்கு, வீடு விற்கிறவருக்கு, கல்யாணம் பேசுகிறவருக்கு... ஆனால் உடம்பு சுகமாக இருக்கிற நேரத்தில் ஒரு மருத்துவ ஆள் வந்து கதவைத் தட்டினால்? அபசகுனம் என்போம். வருத்தம் முற்றி, படுத்து, நாலு பேர் தூக்கினால்தான் நமக்கு அது வருத்தம்.

கரன் ரோல்ஸ் சாப்பிட்டார். தேத்தண்ணி குடித்தார். பிறகு வீட்டைச் சுற்றினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குளியல் தொட்டிக்குள் சொக்ஸோடு ஏறி இறங்கிப் பார்த்தார், நான் ஏறுவது போல, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. கார்பெட் விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே கருவாடு. மிகவும் மரியாதையாக மூடினார்.

அதன் பிறகு என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். இருக்கவைத்துப் பார்த்தார். நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் இலக்கம் சறுக்கிக்கொண்டு கீழே போனது. கரனின் முகம் மாறியது. தூண்டிலில் மீன் தட்டினால் ஒரு மாற்றம் வருமே, அது.

என்ன குளிசை எடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றார். பார்மசிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். வேறு ஏதும்? விற்றமின்? மூலிகை? ஊரிலிருந்து ஏதும்?

இல்லை என்றேன்.

வாசகர்களே, நீங்கள் என்னை நன்றாக அறிந்தவர்கள். உங்களிடம் மறைக்கமாட்டேன். சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு மாஜரின் டப்பா இருந்தது. அதற்குள் கொழும்புக் குளிசை இருந்தது.

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் என் தங்கச்சி இருக்கிறாள். யார் கனடாவுக்கு வந்தாலும் அவர்களின் சூட்கேஸுக்குள் எனக்கு ஒரு பார்சல் வரும். கோயில் விபூதி, சந்தனம், கொழும்பில் வாங்கின பிரஷர் குளிசை, மூன்றும் ஒரே பொலித்தீன் பையில். விபூதி வந்த பையை எங்கே வைப்பது? சாமித்தட்டில்தானே. அப்படியே குளிசையும் அங்கே குடியேறிவிட்டது. காலையில் விபூதியைப் பூசுவேன், குளிசையைப் போடுவேன். அது மருந்துப் பைக்குள் இல்லை, ஆகவே அது மருந்து இல்லை. இது என் சட்டம்.

கனடாக் குளிசையும் எடுப்பேன், சாப்பாட்டோடு. அதை நான் டொக்டரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக எடுத்தேன். பிரஷருக்காக எடுத்தது கொழும்புக் குளிசையை. ஏன் என்றால், இங்கே குளிசை செய்வது வெண்ணெயும் சீஸும் சாப்பிடுகிற உடம்பை வைத்து. சோறும் கருவாடும் சாப்பிடுகிற உடம்புக்கு அது எப்படிக் காணும்? இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. சொந்த மூளை.

கரன் போய் என் டொக்டரோடு கதைத்தார். டொக்டர் என் பிரஷர் குளிசையைப் பாதியாகக் குறைத்தார்.

பாதியாக. எனக்குப் பதறிவிட்டது. பாதி குறைந்தால் பிரஷர் ஏறாதா? ஏறினால் மூளைக்குள் ஏதாவது வெடிக்காதா? டொக்டர் குறைத்ததை நான் ஈடுகட்ட வேண்டாமா? பிள்ளையாருக்குப் பின்னால் கையை விட்டு இன்னொன்று கூட்டிப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

பிறகு என்ன? ஒரு காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். சுவர் ஓடியது. இந்த முறை குசினி மேசை விளிம்பு வழியில் குறுக்கிட்டது. நாடியில், உதட்டுக்குக் கீழே, வெட்டு. தையல். “ஹாய் மிஸ்டர் தில்லை.”

ஆஸ்பத்திரிக்கு வந்த வதனி என்னைத் திட்டவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டினால் பேரம் பேசலாம். அவள் என் வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய், மரக்கறிக் கடைக்காரர் தந்த தமிழ்க் கலண்டரைத் தட்டி, நல்லநாள் பார்த்தாள். கலண்டர் பார்க்கிற மகளிடம் என்ன கதைப்பது?

நமக்குத் தெரியும்தானே. வீடு மாறுவதென்றால் முதலில் போவது கட்டிலும் அலுமாரியும் இல்லை. முதலில் சாமிப்படம். நல்லநாள், நல்ல நேரம் பார்த்து, படத்தோடு விளக்கு, உப்பு, மஞ்சள். சாமி போய்விட்டால் வீடு மாறியாயிற்று. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது வெறும் தளபாடம். அந்தத் தளபாடத்தில் நானும் ஒன்று.

குறித்த நாள் வியாழக்கிழமை. வதனி லீவு போட்டு, முழுகி, சேலையோடு வந்தாள். அதே நேரம் பார்த்துக் கரனும் வந்தார். நான் விழுந்த செய்தி அவருக்குப் போயிருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெண் கற்பூரம் கொளுத்துகிறாள். தந்தை ஒரு துவாயைத் தூக்கிப் பிடித்து ஸ்மோக் அலாமுக்கு விசிறிக்கொண்டு நிற்கிறார். என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். மனேஜர் முதலில் போகிறார், ஸ்ராஃப் பிறகு போகும் என்று விளக்கினேன்.

கரன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக ஒரு ஓரத்தில் நின்றார்.

வதனி இரண்டு கையாலும் பிள்ளையாரைத் தூக்கினாள்.

மாஜரின் டப்பா இத்தனை நாளும் பிள்ளையாரில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறது. அவர் எழும்பியதும் அதுவும் எழும்ப முயற்சி செய்தது. என்னைப் போலவே விழுந்தது. மூடி ஒரு பக்கம் ஓட, குளிசை அட்டைகள் எல்லாம் சறுக்கிக்கொண்டு போய்க் கரனின் சொக்ஸ் கால்களைச் சுற்றி நின்றன.

“அப்பா, உது என்ன?”

“விபூதி.”

“விபூதியோ? விபூதி இப்ப வெள்ளித் தாளுக்குள்ள வட்டம் வட்டமா வருதோ?”

நான் அலாமுக்கு இன்னும் வேகமாக விசிறினேன்.

கரன் தரையில் முழங்காலில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் பார்மசிப் போத்தலைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய எழுத்தில் இருந்த பெயர் வேறு வேறு. கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருந்தது. எட்டாம் வகுப்புக்காரன் என்றாலும் எழுத்துக் கூட்டத் தெரியும். பத்திரிகையில் இரண்டு படம் போட்டு ஆறு வித்தியாசம் கேட்பார்களே, அதுபோல மாறி மாறிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கொழும்பில் ஒரு சட்டை, ரொறன்ரோவில் ஒரு சட்டை. உள்ளே ஒரே ஆள்.

நான் இத்தனை காலமும் ஒரே குளிசையை இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டில் விழுங்கியிருக்கிறேன்.

எப்போது தொடக்கம், எத்தனை என்று கரன் கேட்டார். சொன்னேன். டொக்டர் குறைத்த பிறகு? அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: நான் அன்றைக்கு வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேனே, ஏன் இல்லை என்றீர்கள்?

இங்கிலிஷில் தேடினேன். கிடைத்தது இவ்வளவுதான். அது சாமியின் பக்கம், நீங்கள் கேட்டது டொக்டரின் பக்கம் என்றேன்.

கரன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். இனிமேல் இரண்டு பக்கத்தையும் கேட்கிறேன் என்றார்.

வதனி பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் ஒரு பகிடி விட்டு நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் ஒவ்வொருக்காவும் ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வாறது எந்தக் கதவால தெரியுமா அப்பா? அம்மாவைக் கொண்டுபோன அதே கதவால. கார் பார்க் பண்ணிப்போட்டு, அந்தக் கதவுக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டுதான் உள்ளுக்கு வாறனான்.”

துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு, நானும் தரையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கரன் டொக்டருக்கு ஃபோன் போட்டார். கொழும்புக் குளிசை முழுவதையும் பொறுக்கி ஒரு பையில் கட்டினார், பிளாசா பார்மசியில் கொடுத்து அழிக்க. பிறகு வதனியோடு குசினியில் நின்று நெடுநேரம் இங்கிலிஷில் கதைத்தார். எனக்குப் பாதி விளங்கியது. விழுந்ததற்குக் காரணம் இந்த டப்பாவாகத்தான் இருக்க வேண்டும், டொக்டர் சரிபார்ப்பார், நான் அடிக்கடி வந்து பார்ப்பேன், ஆளை உடனே பிடுங்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டார்.

வதனி கலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த பிள்ளையாரைப் பார்த்தாள். நல்ல நேரத்தில் கற்பூரம் காட்டித் தூக்கிய படத்தைத் திரும்ப அதே தட்டில் வைக்கலாமா? அது முடியாதாம். தூக்கினது தூக்கினதுதான்.

“பிள்ளையார் என்னோட வாறார். நீங்கள் இருங்கோ. பாப்பம். ஆனா ஒரு அம்புலன்ஸ், ஒண்டே ஒண்டு வந்தாலும் நீங்களும் பிள்ளையாருக்குப் பக்கத்தில.”

இப்படித்தான் பிள்ளையார் ரூஜுக்குப் போனார். காரின் முன்சீற்றில், பெல்ட் போட்டுக்கொண்டு. நான் பல்கனியில் நின்று கையசைத்தேன்.

டொக்டர் புதுக் கணக்குப் போட்டார். இந்த முறை நான் அதில் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை. கரன் எனக்கு எழும்பப் பழக்கினார். ஆம், எழுபது தாண்டிய ஆளுக்கு எழும்புவது எப்படி என்று பாடம். கதிரை விளிம்புக்கு வர வேண்டும். காலை ஊன்ற வேண்டும். கொஞ்சம் இருக்க வேண்டும். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னப் பாட்டு முடிகிற நேரம் என்றார். எனக்குத் தெரிந்தது தேவாரம். ஆகவே இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஒரு தேவாரம் நடக்கும். கோப்பிக் கடையில் ஆட்டம் முடிந்தும் நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, தோற்ற துக்கம் என்று நினைக்கிறார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை தரைக்கும் எனக்கும் சகவாசம் இல்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். இது பொய் இல்லை, கரனைக் கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, இனிக் குளிசை அனுப்பாதே என்றேன். ஏன் அண்ணை என்றாள். கதையைச் சொன்னேன். அவள் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னாள். நான் இங்கிருந்து யாரிடமாவது கொடுத்துவிடுவேனே விற்றமின் போத்தல், அதைத்தான் அவள் எடுக்கிறாளாம். அங்கே கிளினிக்கில் பிரஷருக்குக் கொடுக்கிற குளிசையை எடுப்பதில்லையாம். அது லோக்கல் சாமானாம், கனடாக் குளிசை மாதிரி வருமா என்றாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிளேன் இங்கிருந்து போகிறது, அதில் அவளுக்கு என் குளிசை. ஒரு பிளேன் அங்கிருந்து வருகிறது, அதில் எனக்கு அவளுடைய குளிசை. இரண்டும் ஏதோ ஒரு கடலுக்கு மேலே ஒன்றை ஒன்று கடந்து போகின்றன. நமக்குத் தூரத்திலிருந்து வருவதில்தான் நம்பிக்கை. பக்கத்தில் இருக்கிற எதுவும் நமக்கு மருந்தாகத் தெரிவதில்லை. மறுநாளே அவளைக் கிளினிக்குக்கு அனுப்பினேன், நம்பாமல் வீடியோ கோலில் நின்று பார்த்துக்கொண்டு.

இங்கே கட்டடத்தில் என் கதை பரவியது. நான் பரப்பவில்லை... சரி, நான்தான் பரப்பினேன். பகிடி விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. ஒவ்வொருவராக எலிவேற்றரில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேலே இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அந்தக் கொழும்புக் குளிசையின் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒருவர் தன் குளிசையை மேசை லாச்சிக்குள் சொக்ஸுக்கு அடியில் ஒளித்திருக்கிறார், ஒருவர் அரிசி வாளிக்குள். எல்லோரும் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளிக்கிற அளவுக்குத் துணிந்தவர்கள் இல்லை.

கரனிடம் சொன்னேன். இப்போது கிழமையில் ஒரு காலை அவர் எங்கள் கட்டடத்துக் கீழ்மண்டபத்தில் ஒரு மேசை போட்டு இருக்கிறார். பிரஷர் பார்ப்பார், குளிசைப் பைகளைக் கொட்டிப் பார்ப்பார். வரிசை பிடிப்பது, மொழிபெயர்ப்பது, பூட்ஸுக்குக் காவல் நிற்பது எல்லாம் நான். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சட்டியும் கத்தியும் கலக்கும். சமாளிக்கிறார்.

நம்முடைய ஆட்கள் நேரே வருவார்களா? கடிதம் பார்க்க வந்தேன், உடுப்புத் தோய்க்க வந்தேன் என்று பாவனை பண்ணிக்கொண்டு, மேசையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் இருப்பார்கள். போன கிழமை கடைசியாக வந்தவர் யார் தெரியுமா? எனக்கு மாசப் பாஸ் தந்தவர். சின்னராசா அண்ணை. கையில் ஒரு பெரிய சீலைப் பை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தில்லை, நீர் சிரிச்சால் நான் இப்பவே திரும்பிப் போயிடுவன்.”

நான் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டேன். அண்ணை பையைக் கரனுக்கு முன்னால் மேசையில் வைத்தார். சுற்றிவரப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார், முதலாவதாக ஒரு பெரிய—

பொறுங்கள். ஃபோனில் பஸர் அடிக்கிறது. கீழ்வாசலில் யாரோ.

வதனி. வேலை நாளில், இந்த நேரத்தில்?

“அப்பா, கொஞ்சம் கீழ வாங்கோ. வந்து கதவைத் திறவுங்கோ. எனக்குக் கையில்லை, பிள்ளையாரை வச்சிருக்கிறன்.”

கையில்லாமல் பஸரை எதால் அமத்தினாள் என்று நான் கேட்கவில்லை. குசினிக் கலண்டரை எட்டிப் பார்க்கிறேன். நல்லநாள்தான். பார்க்காமல் வருவாளா?

பறந்து போக வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கரனின் ஓடர். கதிரை விளிம்புக்கு வந்துவிட்டேன், காலை ஊன்றிவிட்டேன்... ஒரு தேவாரம் முடியட்டும். அவ்வளவு தூரம் போய் வந்தவர், அதுவரை பொறுக்கமாட்டாரா?